நான்காவது ஷீட்டை அழித்த மேக்ரோ: ஒரு நிகழ்வு ஆய்வு

"சார், எப்போதும் போலத்தான் பட்டனை அழுத்தினேன், எரர் எதுவும் வரல, ஆனா மதிப்பு வர்ற இடமெல்லாம் ரெஃப் ரெஃப்னு நிக்குது."

மாதம் பிறந்து மூன்றாம் நாள் வந்த ஃபோன் இது. அந்த மேக்ரோவை, அதாவது எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யும் சின்ன நிரலை, எழுதிக் கொடுத்தவன் நான்தான். மூன்று வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்ததால் அதை எழுதியதையே மறந்திருந்தேன். "எரர் எதுவும் வரல" என்று அவர் சொன்னபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எரர் வராதபடி அந்தக் கோடில் நானே ஒரு வரி போட்டு வைத்திருந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

அது சரக்கு இருப்புக் கணக்கு. ஒரே எக்செல் கோப்பில் 17 ஷீட்டுகள். இடமிருந்து வலமாக முகப்பு, அமைப்பு, மாதிரி, அப்புறம் பழையதிலிருந்து புதியது வரை பன்னிரண்டு மாத ஷீட்டுகள், கடைசியில் மொத்தம், அதற்கும் அப்பால் விலை. இதில் 'அமைப்பு' மறைத்து வைக்கப்பட்டது, பயன்படுத்துகிறவர் கண்ணில் படாது. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் முகப்பில் இருக்கும் பட்டனை அழுத்தினால் மேக்ரோ நான்கு வேலைகளைச் செய்யும். பன்னிரண்டில் மிகப் பழைய மாதத்தை நீக்கும், மாதிரி ஷீட்டை நகலெடுத்துப் புது மாதத்தின் பெயரை வைக்கும், போன மாத முடிவு இருப்பைப் புது மாதத்தின் தொடக்க இருப்பாகப் போடும், கடைசியாக எல்லா மாதங்களின் கூட்டுத்தொகையையும் 'மொத்தம்' ஷீட்டில் எழுதிக் கோப்பைச் சேமித்துவிடும்.

நீக்கும் பகுதி இப்படி இருந்தது. எடிட்டரில் இதெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், இங்கே உச்சரிக்கிறபடியே எழுதுகிறேன்:

ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்
அப்ளிகேஷன்.டிஸ்ப்ளேஅலர்ட்ஸ் = ஃபால்ஸ்
ஷீட்ஸ்(4).டிலீட்

மூன்றே வரி. எரர் வந்தால் கண்டுகொள்ளாதே, 'நிஜமாகவே அழிக்கட்டுமா' என்று கேட்காதே, நான்காவதாக நிற்பதை அழி. தெருவில் நான்காவது வீட்டைப் போய் இடித்துவிட்டு வா என்று ஆளை அனுப்பியது போலத்தான், அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவன் பார்க்கவே மாட்டான்.

ஏன் ஷீட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். தமிழில் ஷீட் பெயர் வைத்து மேக்ரோ எழுதிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவின் எடிட்டர் இன்னும் பழைய காலத்து எழுத்துக் குறியேற்றத்தில்தான் நிற்கிறது. எக்செல் 5 வந்த 1993-இல் விபிஏ அதில் சேர்ந்தது, யூனிகோட் எழுத்தை அந்த எடிட்டருக்குள் தட்டவோ ஒட்டவோ முடியாத நிலை இன்றுவரை மாறவில்லை. 'விலை' என்று ஒட்டினால் நான்கு கேள்விக்குறிதான் நிற்கும். சுற்றிப் போக ஒரு வழி உண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் எண்ணைக் கொடுத்துக் கோர்க்கலாம்: 2997, 3007, 2994, 3016 என்று நான்கு கேரக்டரை ஒட்டினால் 'விலை' வரும். ஆறு மாதம் கழித்துப் படித்தால் எழுதியவனுக்கே புரியாது. அன்றைக்கு அவசரத்தில், 'நான்காவது எப்போதும் பழைய மாதம்தானே' என்று எண்ணைப் போட்டு முடித்துவிட்டேன். சோம்பல்தான், வேறு காரணம் சொல்லிப் பயனில்லை.

போய்ச் சேர்ந்ததும் பார்த்தது

கோப்பைத் திறப்பதற்கு முன் இரண்டு நகல் எடுத்து வைத்தேன். ஒன்று அன்றைய கோப்பு, இன்னொன்று பட்டனை அழுத்துவதற்கு முந்தைய இரவில் தானாக எடுக்கப்பட்ட பேக்கப். நல்லவேளையாக அது இருந்தது. மேக்ரோ ஓடி முடிந்த பிறகு கன்ட்ரோல் இசட் எதற்கும் உதவாது, மேக்ரோ ஷீட்டில் எதையாவது மாற்றினாலே எக்செல் தன் அன்டூ பட்டியலை அழித்துவிடும். போதாக்குறைக்கு என் மேக்ரோ கடைசி வரியில் சேவ் வேறு செய்திருந்தது.

கோப்பு திறக்கும்போதே ஓடுகிற கோடும் அதில் இருந்ததால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே திறந்தேன். கண்ணுக்குத் தெரிந்தவை மூன்று. விலை ஷீட்டைக் காணோம். மாத ஷீட்டுகளில் விலையால் பெருக்குகிற நெடுவரிசை முழுவதும் #ரெஃப்!, அதாவது ஃபார்முலா தேடுகிற இடமே இல்லை என்ற எரர். மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் 'மே புது' என்று ஒரு டேப்.

"இந்தப் பேரு நீங்க வெச்சதா?"

"ஆமா சார், மாதிரி ரெண்டுன்னு வந்துச்சு. ஏற்கெனவே மே இருக்கு, அதே பேரு வைக்க விடல. அதான் புதுன்னு சேர்த்துட்டேன்."

அவர் மேல் தப்பே இல்லை. கண் முன்னால் வந்து நின்றதை, தனக்குத் தெரிந்த வழியில் சரிசெய்திருக்கிறார். பார்க்கப்போனால் மேக்ரோ எங்கே தடுக்கி விழுந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் துப்பே அந்தப் பெயர்தான்.

பேக்கப் கோப்பில் ஷீட்டுகள் எந்த வரிசையில் நின்றன என்று பட்டியல் எடுத்தேன். எடிட்டரில் ஒற்றை வரிகளை உடனே ஓட்டிப் பார்க்கும் இமீடியட் விண்டோவில் அச்சிட்டால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாக வரும் என்பதால் புது வொர்க்புக் ஒன்றைத் திறந்து அதன் செல்களில் எழுதவைத்தேன்: வரிசை எண், பெயர், கோட்நேம் (கோடுக்குள் ஷீட்டுக்கு இருக்கும் தனிப் பெயர்), விசிபிள் மதிப்பு. விசிபிள் மதிப்பு -1 என்றால் தெரிகிறது, 0 என்றால் மறைந்திருக்கிறது, 2 என்றால் ஆழமாக மறைந்திருக்கிறது, அதாவது டேப்பில் வலது சொடுக்கி 'அன்ஹைட்' போனாலும் பட்டியலில் வராது.

நான்காவது வரியில் 'விலை' நின்றது.

அவரிடம் கேட்டேன். பத்து நாளைக்கு முன்னால், ஒவ்வொரு தடவையும் கடைசி வரை உருட்டிப் போவது சிரமமாக இருக்கிறது என்று விலை டேப்பை இழுத்து மாதிரிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாராம். டேப்பை இழுப்பது யாரும் செய்கிற வேலைதானே. அவர் கண்ணுக்கு அது மூன்றாவது டேப். மறைந்திருக்கும் 'அமைப்பு' ஷீட்டையும் சேர்த்து எண்ணுவதால் எக்செலுக்கு அது நான்காவது. ஷீட்ஸ்(4) என்கிறபோது மறைந்தவையும் கணக்கில் வரும் என்பது பலருக்கும் மண்டையில் ஏறாத விஷயம். தெரிகிற டேப்புகளை மட்டும் எண்ணிப் பார்த்து 'சரியாத்தானே இருக்கு' என்று விட்டுவிடுவோம்.

சத்தம் போடாத பிழைகள்

#ரெஃப்! சத்தம் போடுகிற பிழை. அது வந்ததால்தான் எனக்கு ஃபோனே வந்தது. உண்மையான சேதம் அதில் இல்லை.

பேக்கப்பின் இன்னொரு நகலில் எஃப்8 தட்டி ஒவ்வொரு வரியாக ஓட்டினேன். ரெஸ்யூம் நெக்ஸ்ட் இருக்கிறவரை எந்த எரரும் வெளியே தெரியாது. அதற்காகக் கோடைத் திருத்த வேண்டியதில்லை, எடிட்டரின் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் ஜெனரல் பக்கத்தில் 'பிரேக் ஆன் ஆல் எரர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், மேக்ரோ எந்த எரரை விழுங்கப் பார்த்தாலும் அந்த வரியிலேயே நிற்கும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒழுங்காக எரரைக் கையாளுகிற கோடும் நின்று நின்று உயிரை வாங்கும்.

விலை அழிந்தது. அடுத்த வரி, மாதிரியை நகலெடுத்துக் 'கடைசிக்கு முந்தைய ஷீட்டுக்கு முன்னால்' வைக்கச் சொன்னது, அதாவது ஷீட்ஸ்(ஷீட்ஸ்.கவுன்ட் - 1). விலை கடைசியில் இருந்த காலத்தில் கடைசிக்கு முந்தையது மொத்தம். இப்போது விலையே இல்லாததால் மொத்தம் கடைசியாகிவிட்டது, அதற்கு முந்தையது ஏப்ரல். ஆக, புது ஷீட் ஏப்ரலுக்கு முன்னால் போய் நுழைந்தது. அதற்கடுத்த வரி அதற்கு 'மே' என்று பெயர் வைக்கப் பார்த்தது. போன வருட மே அழியாமல் இருந்ததால் 1004 எரர். வழக்கமான ஓட்டத்தில் ரெஸ்யூம் நெக்ஸ்ட் அதை விழுங்கிவிட்டிருக்கும், 'மாதிரி (2)' என்ற பெயர் அப்படியே நின்றிருக்கும்.

அடுத்து வந்ததுதான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. தொடக்க இருப்பை எடுக்கிற வரி இது:

ரேஞ்ச்("சி5:சி60").வேல்யூ = ஆக்டிவ்ஷீட்.ப்ரீவியஸ்.ரேஞ்ச்("எச்5:எச்60").வேல்யூ

ப்ரீவியஸ் என்றால் இடப்பக்கத்து ஷீட். புது ஷீட்டுக்கு இடப்பக்கம் நின்றது மார்ச். ஏப்ரல் முடிவு இருப்பு வரவேண்டிய இடத்தில் மார்ச் முடிவு இருப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. எரர் இல்லை, நிறம் மாறவில்லை, எண்களும் நம்புகிற மாதிரியான எண்கள்தான். ஒரு பொருளின் இருப்பு 412 என்று இருப்பதற்கும் 388 என்று இருப்பதற்கும் பார்வையில் என்ன வித்தியாசம்? இரண்டு நாள் பதிவுகளை அந்தத் தவறான தொடக்கத்தின் மேலேயே ஏற்றியிருந்தார்கள். #ரெஃப்!-ஐ மட்டும் சரிசெய்துவிட்டு நான் கிளம்பியிருந்தால் மே மாதக் கணக்கு முழுக்கவே பொய்யாக ஓடியிருக்கும்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. எரரில் நின்ற மேக்ரோவை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அப்புறம் ஷீட்டில் எதையாவது மாற்றினால் பக்கத்து செல்லில் தேதி தானாக விழ வேண்டும், விழவில்லை. இன்னொரு பிழை என்று அரைமணி நேரம் தேடினேன். ஷீட்டில் மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் கோடை அனுமதிப்பது எனேபிள்ஈவன்ட்ஸ், மேக்ரோ தொடக்கத்தில் அதை ஃபால்ஸ் ஆக்கியிருந்தது, பாதியில் நிறுத்தியதால் திரும்ப ட்ரூ ஆக்கும் வரியை அது எட்டவே இல்லை. ஸ்க்ரீன்அப்டேட்டிங், டிஸ்ப்ளேஅலர்ட்ஸ் இரண்டும் மேக்ரோ முடிந்ததும் தாமாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். ஈவன்ட்ஸும் கால்குலேஷன் முறையும் வராது, விட்ட இடத்திலேயே நிற்கும். இமீடியட் விண்டோவில் ஒரு வரி தட்டினேன், தேதி விழுந்தது.

அக்டோபர்

இது எதிர்பாராமல் மாட்டியது. பெயர் வைக்கிற வரியைத் தாண்டி, மொத்தம் ஷீட்டை நிரப்பும் லூப்பை ஓட்டியபோது எரர் 9, 'சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்'. அந்தப் பெயரில் ஷீட் இல்லை என்பதற்கு எக்செல் சொல்லும் சுற்றிவளைத்த வாசகம். தமிழ்ப் பெயரைக் கோடில் எழுத முடியாதே, அதனால் மொத்தம் ஷீட்டின் ஏ நெடுவரிசையில் மாதப் பெயர்களை எழுதி, அங்கிருந்து படித்து, அந்தப் பெயருள்ள ஷீட்டை ஒரு மாறியில் பிடித்து, அதன் எச்2 மதிப்பை எழுதும்படி செய்திருந்தேன். அந்த யோசனை மோசமில்லை. லூப் நின்ற இடம் அக்டோபர்.

அக்டோபர் ஷீட் அங்கேதான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். செல்லிலும் அக்டோபர்தான். டேப் பெயரை நகலெடுத்து ஒரு செல்லில் ஒட்டி, கேரக்டர்களை எண்ணும் லென் ஃபார்முலா போட்டேன், 9 வந்தது. மொத்தம் ஷீட்டில் இருந்ததற்கு 8. யாரோ எப்போதோ டேப்பை இரட்டைச் சொடுக்கிப் பெயரைத் திரும்பத் தட்டியபோது கடைசியில் ஒரு இடைவெளி விழுந்திருக்கிறது.

சரி, ஷீட் கிடைக்கவில்லை என்றால் அக்டோபர் வரி காலியாகத்தானே இருந்திருக்க வேண்டும்? இங்கேதான் ரெஸ்யூம் நெக்ஸ்ட்டின் குணம் தெரியும். 'செட் ஷீ = ஷீட்ஸ்(பெயர்)' என்ற வரி தோற்றால் ஷீ காலியாகாது, முந்தைய சுற்றில் எதைப் பிடித்திருந்ததோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும். முந்தைய சுற்று செப்டம்பர். அதனால் அக்டோபர் வரியிலும் செப்டம்பரின் தொகையே எழுதப்பட்டது. மொத்தம் ஷீட்டில் இரண்டு வரிகள் கடைசி இலக்கம் வரை ஒன்றாக நின்றிருக்கின்றன, மேலே அனுப்பிய அறிக்கைகளிலும் அதே தொகைதான் போயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. நானும் அந்த ஷீட்டைப் பல தடவை திறந்து பார்த்தவன்தான்.

இதே வரியில் இன்னொரு பள்ளமும் உண்டு, இங்கே விழவில்லை, வேறு கோப்புகளில் விழுந்திருக்கிறேன். ஷீட்டுகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்து, செல்லிலும் எண்ணாகவே எழுதியிருந்தால், செல்லின் மதிப்பை அப்படியே ஷீட்ஸுக்குக் கொடுத்தால் எக்செல் அதைப் பெயராக எடுக்காது, வரிசை எண்ணாக எடுத்துக்கொள்ளும். '3' என்ற பெயருள்ள ஷீட்டைக் கேட்டால் மூன்றாவதாக நிற்கும் ஷீட் வரும். சிஎஸ்டிஆர் போட்டு எழுத்தாக மாற்றிக் கொடுத்தால்தான் பெயராக எடுத்துக்கொள்ளும்.

சேதத்தைச் சரிசெய்தது

பேக்கப்பைத் திரும்ப வைத்துவிட்டு இரண்டு நாள் பதிவை மறுபடி ஏற்றச் சொல்லலாம். அதுதான் சுத்தமான வழி, ஆனால் அந்த இரண்டு நாளும் மாதத் தொடக்க வரவுகள், பதிவு நிறைய. இருக்கிற கோப்பையே சீர் செய்யலாம் என்று முடிவெடுத்தேன்.

பேக்கப்பிலிருந்து விலை ஷீட்டை நகலெடுத்துக் கொண்டுவந்து வைத்தால் ஃபார்முலாக்கள் உயிர் பெற்றுவிடும் என்று பலர் நினைப்பார்கள், பெறாது. ஷீட் அழிந்த கணமே, விலை!பி2 என்று இருந்த ஃபார்முலா #ரெஃப்!பி2 என்று மாறிவிடுகிறது, அதே பெயரில் புது ஷீட் வந்து நின்றாலும் அதைத் தேடிப் போகாது. ஆனால் பி2 என்ற முகவரி மிச்சம் இருக்கிறது பாருங்கள், அது போதும். எல்லா ஷீட்டையும் தேர்ந்தெடுத்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில், ஃபார்முலாவுக்குள் தேடும்படி வைத்து, #ரெஃப்! என்பதை விலை! என்று மாற்றினேன். அழிந்தது ஒரே ஒரு ஷீட் என்பதால்தான் இது செல்லுபடியானது, இரண்டு அழிந்திருந்தால் எந்த #ரெஃப்! எந்த ஷீட்டுக்கு என்று தெரிந்திருக்காது. நேம் மேனேஜரில் விலைப் பட்டியலுக்கு வைத்திருந்த பெயரும் #ரெஃப்! ஆகியிருந்தது, அதைக் கையால் திருத்தினேன்.

பிறகு 'மே புது'வின் தொடக்க இருப்பை ஏப்ரலிலிருந்து மறுபடி எடுத்து ஒட்டி, பழைய மேயைத் தனிக் கோப்புக்கு மாற்றி, அக்டோபரின் வால் இடைவெளியை வெட்டி, மொத்தத்தை ஓட்டினேன். அக்டோபர் தொகை மாறியது. அனுப்பிய அறிக்கைகளைப் பற்றி அவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னேன். அந்தப் பேச்சு இனிமையாக இல்லை.

திரும்ப எழுதியது

யோசித்துப் பார்த்தால் எல்லாப் பிழைக்கும் வேர் ஒன்றே. கோட் ஒவ்வோர் இடத்திலும் 'எந்த ஷீட்' என்ற கேள்விக்கு, எங்கே நிற்கிறதோ அது, பக்கத்தில் எது இருக்கிறதோ அது, இப்போது திரையில் எது தெரிகிறதோ அது என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றுமே பயன்படுத்துகிறவர் மவுஸால் மாற்றக்கூடியவை.

மாறாத ஷீட்டுகள் ஐந்துக்கும், அதாவது முகப்பு, அமைப்பு, மாதிரி, மொத்தம், விலை எல்லாவற்றுக்கும், கோட்நேம் வைத்தேன். எடிட்டரில் ஷீட்டைத் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்தினால் ப்ராப்பர்டீஸ் விண்டோ வரும், அதில் முதல் வரியில் அடைப்புக்குறிக்குள் 'நேம்' என்று இருப்பதுதான் கோட்நேம், கீழே அடைப்புக்குறி இல்லாமல் இருப்பது டேப்பில் தெரியும் பெயர். முதலாவதை ஆங்கில எழுத்தில் ஷீட்விலை, ஷீட்மொத்தம் என்று வைத்துவிட்டால் கோடில் நேராக ஷீட்விலை.ரேஞ்ச் என்று எழுதலாம். டேப் பெயர் தமிழில் இருக்கட்டும், நாளைக்கே மாற்றிக்கொள்ளட்டும், எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போடட்டும், கோடுக்குக் கவலையில்லை. கேள்விக்குறித் தொல்லையும் போயிற்று. இது எனக்கு மூன்று வருடத்துக்கு முன்பே தெரியும் என்பதுதான் எரிச்சல். ஒரு வரம்பு மட்டும் உண்டு, கோட்நேம் மேக்ரோ இருக்கிற அதே கோப்புக்குள் மட்டும்தான் இப்படி வேலை செய்யும், வேறொரு கோப்பின் ஷீட்டை இந்த வழியில் பிடிக்க முடியாது.

மாத ஷீட்டுகளுக்கு அது ஒத்துவராது, அவை நகலாகப் பிறப்பவை, கோட்நேமை எக்செல் தன் இஷ்டத்துக்கு வைக்கும். அதனால் ஒவ்வொரு மாத ஷீட்டிலும் ஓரமாக இரண்டு செல்களை ஒதுக்கினேன். இசட்1-இல் இது மாத ஷீட் என்பதற்கு ஒரு குறி, இசட்2-இல் அந்த மாதத்தின் முதல் தேதி. கோட் இந்தக் கோப்பின் வொர்க்ஷீட்ஸ் எல்லாவற்றையும் சுற்றி வந்து, குறி உள்ளவற்றில் தேதியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். போன மாதம் எது என்றால் தேதியில் ஒரு மாதம் குறைவானது. பழையது எது என்றால் தேதி மிகச் சிறியது. இடப்பக்கம் வலப்பக்கம் என்ற பேச்சே இல்லை. ஷீட்ஸ் என்று சுற்றாமல் வொர்க்ஷீட்ஸ் என்று சுற்றியதற்கும் காரணம் உண்டு. யாராவது சார்ட்டைத் தனி ஷீட்டாக வைத்தால் ஷீட்ஸில் அதுவும் வரும், அதற்கு ரேஞ்ச் கிடையாது, 438 எரர் வந்து நிற்கும்.

கோடில் ஷீட்டைக் குறிக்கும் எல்லா இடத்திலும் முன்னால் திஸ்வொர்க்புக், அதாவது 'மேக்ரோ இருக்கிற இந்தக் கோப்பு', என்று சேர்த்தேன். பழைய கோடில் வெறும் ஷீட்ஸ்(4) என்று இருந்ததால் அது ஆக்டிவ்வொர்க்புக்கின், அதாவது அப்போது முன்னால் நிற்கும் கோப்பின், நான்காவது ஷீட். பட்டன் முகப்பில் இருந்ததால் வழக்கமாக இந்தக் கோப்புதான் முன்னால் இருக்கும். ஆனால் ஆல்ட் எஃப்8 அழுத்தினால் வரும் மேக்ரோ பட்டியல் வழியாக, வேறு யாருடைய கோப்போ முன்னால் இருக்கும்போது ஓட்டியிருந்தால், அதன் நான்காவது ஷீட் சத்தமில்லாமல் போயிருக்கும். நினைத்தாலே குலை நடுங்குகிறது.

அழிப்பதையே எடுத்துவிட்டேன். பழைய மாதத்தின் விசிபிள் மதிப்பை 2 ஆக்குகிறேன், அவ்வளவுதான். ஃபார்முலா உடையாது, வேண்டுமென்றால் ஒரே வரியில் திரும்பக் கொண்டுவரலாம், ஆண்டுக்கு ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துத் தனிக் கோப்புக்கு மாற்றலாம். கோப்பு கொஞ்சம் பெருக்கும், பெருக்கட்டும். புது ஷீட்டின் பெயரில் மாதத்தோடு ஆண்டையும் சேர்த்ததால் பெயர் மோதலும் இல்லை. பெயர் நீளத்தில் தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஷீட் பெயருக்கு 31 கேரக்டர்தான் வரம்பு, அதில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'கொள்முதல்' நமக்கு ஐந்து எழுத்து, எக்செலுக்கு ஒன்பது.

ரெஸ்யூம் நெக்ஸ்ட்டை அடியோடு நீக்கவில்லை, ஒரே ஓர் இடத்தில், ஒரு ஷீட் இருக்கிறதா என்று சோதிக்கும் சின்ன ஃபங்ஷனுக்குள், வைத்திருக்கிறேன். அங்கே முதல் வரியிலேயே மாறி நத்திங் (காலி) ஆக்கப்படும், சோதனை முடிந்த அடுத்த வரியே எரரை விழுங்குவதை நிறுத்தும் 'ஆன் எரர் கோ-டூ 0'. மற்ற இடங்களில் எரர் வந்தால் கடைசியில் உள்ள ஒரு பகுதிக்குத் தாவும், அது ஈவன்ட்ஸைத் திரும்ப ட்ரூ ஆக்கிவிட்டு என்ன நடந்தது என்று சொல்லும். எம்எஸ்ஜிபாக்ஸ் தமிழைக் காட்டாது, அங்கேயும் கேள்விக்குறிதான். அதனால் செய்திகளை அமைப்பு ஷீட்டில் எழுதி வைத்து, அங்கிருந்து முகப்பின் பெரிய செல்லில் காட்டுகிறேன். அப்புறம், மேக்ரோ எதையும் தொடுவதற்கு முன்னால் போன மாதம் இருக்கிறதா, புதுப் பெயர் காலியாக இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சோதித்துவிடும், ஒன்று குறைந்தாலும் ஒரு செல்லைக்கூட மாற்றாமல் நின்றுவிடும்.

பூட்டு விஷயம் சுருக்கமாக. மாத ஷீட்டுகள் ப்ரொடெக்ட் செய்யப்பட்டவை. யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லி ட்ரூ என்று கொடுத்தால் ஆளுக்குப் பூட்டு, மேக்ரோவுக்குத் திறப்பு. ஆனால் அந்த அமைப்பு கோப்போடு சேமிக்கப்படாது, மூடித் திறந்தால் மேக்ரோவுக்கும் பூட்டுதான். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வொர்க்புக்_ஓப்பனில் எல்லா ஷீட்டுக்கும் போட வேண்டும், புதிதாகப் பிறந்த ஷீட்டுக்குப் பிறந்த உடனே போட வேண்டும்.

சோதனைக்கு ஒரு நகலில் டேப்புகளையெல்லாம் கன்னாபின்னாவென்று இழுத்துப் போட்டு, இரண்டு மூன்றின் பெயரை மாற்றி, நடுவில் ஒரு சார்ட் ஷீட்டைச் செருகி, பன்னிரண்டு மாதத்துக்குத் தொடர்ந்து ஓட்டினேன். முதல் மாதத்திலேயே விழுந்தது. மாதிரியை யாரும் கைவைக்காமல் இருக்கட்டும் என்று இந்தத் தடவை மறைத்து வைத்திருந்தேன். நகலெடுத்த உடனே ஆக்டிவ்ஷீட்டைப் பிடிப்பது வழக்கம், ஏனென்றால் காபி செய்யும்போது புது ஷீட் முன்னால் வந்து நிற்கும். மறைந்த ஷீட்டின் நகலும் மறைந்தே பிறக்கிறது, முன்னால் வராது. முகப்பே ஆக்டிவாக இருந்ததால் மேக்ரோ முகப்புக்குப் புது மாதத்தின் பெயரை வைத்துவிட்டது. இவ்வளவு பட்டும் 'திரையில் தெரிவதுதான் நம்ம ஷீட்' என்று நம்பிய ஒரு வரியை எழுதியிருக்கிறேன். நகலெடுப்பதற்கு முன் மாதிரியைத் தெரியவைத்து, நகலை மாறியில் பிடித்து, அதில் மாதக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாதிரியைத் திரும்ப மறைத்தேன். பன்னிரண்டு மாதமும் ஓடியது.

கோப்பை மெயிலில் அனுப்பினேன், மேக்ரோ ஓடவில்லை என்று சிவப்புப் பட்டை காட்டியதாம். 2022-இலிருந்து இணையம் வழியாக வந்த கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கிறது. கோப்பின் ப்ராப்பர்டீஸில் 'அன்பிளாக்' டிக் போடச் சொன்னேன்.

அங்கே ஒருவர் கேட்டார், டேப்பை நகர்த்தவே முடியாதபடி பூட்டிவிடலாமே என்று. முடியும், வொர்க்புக்கின் ஸ்ட்ரக்சரைப் ப்ரொடெக்ட் செய்தால் இழுக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. பழைய கோடாக இருந்தால் அதைத்தான் முதலில் செய்திருப்பேன். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விலை டேப் மாதிரிக்குப் பக்கத்தில், நான்காவதாக நின்ற இடத்திலேயே நிற்கிறது, அவருக்கு அதுதான் வசதி.